முந்திரிக் கிளைக் கைப்பிடி

குல்சும் அக்கா கோணியைக் கவிழ்த்த சத்தத்தில் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. மூக்கு உடைந்த தண்ணீர்க் குழாய்கள், பம்ப் அடித்து எரிக்கிற பழைய மண்ணெண்ணெய் அடுப்பின் தொட்டி, சாவி தொலைந்த பூட்டுகள், கதவுக் கீல்கள், துணை இல்லாத ஒரு தராசுத் தட்டு. எல்லாம் பித்தளை. பிரவீணா குனிந்து ஒரு குழாயை எடுத்துச் சிமெண்டுத் தரையில் அழுத்தித் தேய்த்தாள். பச்சைக் களிம்புக்கு அடியில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. புளியங்காயைக் கண்டால் ஊறுகிற மாதிரி அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"பழைய வூட்ட இடிச்சப்ப ஒதுக்கி வச்சது புள்ள," என்றாள் குல்சும். "எடைக்குப் போடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. புது வூட்டு வாசக்கதவுக்கு இதுலேர்ந்தே ஒரு கைப்பிடி ஊத்திக் குடு."

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஆண்டிமடம் பக்கத்து இந்தக் கிராமம் வரைக்கும் கார் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் தாஜுதீன் வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பியே தலை நரைத்தவர். நோன்புப் பெருநாளைக்கு ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். அவர் வருவதற்குள் கதவு நிற்க வேண்டும். தேக்குக் கதவு தயார். கைப்பிடி வருகிற இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் போட்டு ஆசாரி நிறுத்தியிருந்தார்.

"கடையில பளபளன்னு விக்கிதே அக்கா."

"விக்கிது. அலமாரிக்கு நீங்க ஊத்துன குமிழப் பாத்ததுலேர்ந்து கடைச் சாமான் கண்ணுக்குப் புடிக்கல."

அந்தக் குமிழ்கள் அலுமினியம். பிரவீணாவும் அவள் புருஷன் ராஜதுரையும் சேர்ந்து செய்தவை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களில் கல்லாகிப்போன நத்தைகள் கிடக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் காலில் இடறித் தள்ளிவிட்டுப் போவார்கள். அதில் ஒன்றை ஈரமணலில் அழுத்தி, அந்தப் பள்ளத்தில் அலுமினியத்தை ஊற்றினார்கள். ஸ்கூட்டர் என்ஜின் மூடி, கைப்பிடி போன குக்கர் மூடி, ஓடாத பேன் றெக்கை என்று எடைக்கடையில் கிடைப்பதெல்லாம் அவர்கள் வீட்டுக் கொல்லையில் கொக்கியாகவும் தட்டாகவும் குமிழாகவும் மாறிக்கொண்டிருந்தன.

ஆனால் பித்தளை இல்லை. பித்தளை வேண்டாம் என்பது ராஜதுரை போட்ட கோடு.

கோயம்புத்தூர் வார்ப்புப் பட்டறையில் வெகுகாலம் இருந்தவன் அவன். மூசை என்கிற உருக்குக் கலத்தில் பித்தளை நிறைந்தால் அதை ஒருவனால் தூக்க முடியாது. நடுவில் வளையமும் இரண்டு பக்கமும் நீளப் பிடியும் வைத்த கம்பியில் அதை இறக்கி, இரண்டு பேர் தூக்குவார்கள். பட்டறையில் அதற்குப் பல்லக்கு என்று பேர். ஒரு பக்கத்தவன் சாய்த்து ஊற்றுவான். மறு பக்கத்தவன் தாங்குவான். ராஜதுரை ஊற்றுகிறவன். ஒருநாள் அச்சில் ஈரம் தங்கியிருந்திருக்க வேண்டும், பித்தளையைத் திருப்பித் துப்பியது. தாங்கிக்கொண்டிருந்த கலையரசன் காலில் விழுந்தது. செருப்புக்குள் போய்விட்டது. அந்த மாதமே ராஜதுரை பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். கொல்லையில் உலை போட்டபோது, "அலுமினியம்னா ஒக்காந்து கரண்டியில மோந்து ஊத்திக்கலாம். பித்தள பக்கமே போகக் கூடாது" என்றான்.

பிரவீணாவுக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும் அவள் வாய் சொல்லிவிட்டது:

"ஊத்திரலாம் அக்கா."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் தராசுத் தட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் கிளம்பின தூசி அடங்குவதற்குள் ஆரம்பித்தான்.

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"யாரையும் கேக்கல."

"யாரு ஊத்துவா?"

"நான் ஊத்துறேன்."

அவன் சிரித்தான். அது சிரிப்பில்லை. "கரண்டி புடிக்கிறதுன்னு நெனச்சியா?"

"நீங்க ஊத்துறத எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. கைய எங்க வைக்கணும், காலு எங்க வைக்கணும்னு. கண்ண மூடுனா எனக்கு அப்படியே வருது."

கண்ணை மூடினால் வருவது உண்மைதான். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அலுமினியம் உருகும்போது வெள்ளையாக, மோர் மாதிரி இருக்கும். பித்தளை அப்படி இல்லை, சூரியனைக் குடத்தில் ஊற்றி வைத்த மாதிரி இருக்கும் என்று அவன் என்றோ ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அவன் மறந்துவிட்டான். அவளுக்குள் அது விழுந்து கிடந்தது. முந்திரிக் காட்டில் பழம் பொறுக்கும்போதும், வறுத்த கொட்டையை உடைக்கும்போதும் அவளுக்கு அந்தக் குடம் நினைவுக்கு வரும். நாற்பதை நெருங்குகிற ஒருத்திக்கு இப்படி ஓர் ஆசை இருக்கலாமா என்று அவளையே கேட்டுக்கொள்வாள். பட்டுப் புடவைக்கு ஆசைப்பட்டாலும் நாலு பேரிடம் சொல்லலாம்.

கடைசியில் ராஜதுரை இறங்கி வந்தான். முழுதாக இல்லை.

"வாக்குக் குடுத்துட்ட. சரி. ஆனா ஊத்துறது நான். நீ அந்தப் பக்கம் தாங்கு. அவ்வளவுதான்."

தாங்குவதும் பல்லக்கின் ஒரு பக்கம்தானே என்று அப்போதைக்கு மனசைத் தேற்றினாள்.

என்ன உருவம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பின்பக்கத்துத் தோப்பில் கட்டைவிரல் கனத்தில், கைக்கு அடங்குகிற வளைவோடு ஒரு முந்திரிக் கிளையை வெட்டி வந்தாள். நுனியில் ஒரே ஓர் இலை. பக்கத்தில் பழம் இன்னும் திரளாத இரண்டு கொட்டைகள். இந்தக் கிளையையே மண்ணுக்குள் புதைத்துச் சுட்டால் கிளை எரிந்து சாம்பலாகிவிடும். அது இருந்த இடம் வெறும் பொந்தாக நிற்கும். அந்தப் பொந்தில் பித்தளை போய் நின்றால் அதுதான் கைப்பிடி.

புற்றுமண்ணையும் சாணியையும் கரித்தூளையும் மாவு மாதிரி சலித்துக் குழைத்து, முதல் பூச்சை அவளே பூசினாள். இலை நரம்பில் மண் இறங்க வேண்டும். விரல் அழுத்தம் விழவே கூடாது. அவள் விரலில் ரேகை கிடையாது. கொட்டை உடைத்து உடைத்து முந்திரிப் பால் அரித்துத் தின்றுவிட்டது. ரேஷன் கடை மெஷினில் கையை வைத்தால் அது எத்தனை தடவை வைத்தாலும் இவள் ஆளே இல்லை என்று சொல்லும்.

"மெஷினுக்கு ஆகாத கை மண்ணுக்கு ஆவுது பாரு," என்றாள் ஆண்டாயி.

ஆண்டாயி அடுத்த வீடு. ராஜதுரையின் பெரியப்பா மகன் பெண்டாட்டி. பிரவீணாவோடு முந்திரி வறுக்கப் போகிறவள். வாயை மூடிக்கொண்டு ஒரு வேலையும் செய்யத் தெரியாது. உருக்குகிற மூசையில் காற்றுப் படாமல் மேலே தூவ, உடைந்த பாட்டில்களைச் சாக்கில் கட்டி இடித்துக் கண்ணாடித் தூள் ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கொழுந்தனாரே, இதெல்லாம் காலி பண்ணுன பாட்டிலா, இல்ல இதுக்குன்னே காலி பண்ணுனதா?"

"ஒங்க வூட்டுக்காரரக் கேளுங்க. அவர்தான் சப்ளை."

"அதான பாத்தேன். எங்க வூட்டு ஆளு ஒரு நல்ல காரியத்துக்கு ஒதவியிருக்காரே!"

பூச்சுமேல் பூச்சாகப் பூசி, கம்பி சுற்றிக் கட்டி, அச்சை நிழலில் காய வைத்தார்கள். காற்று வெளியேற ஈர்க்குச்சிகளைச் செருகியிருந்தார்கள். அவையும் எரிந்து சின்னச் சின்னத் துளையாகிவிடும். காய்ந்த பின் ஒருநாள் விடிந்ததும் அச்சை நெருப்பில் போட்டார்கள். விறகோடு, உடைத்த முந்திரிக் கொட்டையின் தொலி. அதை மிஞ்சிய நெருப்பு இந்தப் பக்கத்தில் இல்லை. கரும்புகை கிளம்பிக் கண்ணைக் கரித்தது. பிரவீணா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நெருப்போரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் புகை அவளுக்கு ஐந்தாறு வயசிலிருந்தே பழக்கம். தகரத்தில் கொட்டை வறுக்கும்போது பால் கக்கி எரியும். முதலில் கறுப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம் நூல் மாதிரி மெலிசான வெள்ளை. அந்த வெள்ளை தெரிந்த நொடியில் இறக்கிக் கொட்டிவிட வேண்டும். கண் சிமிட்டினால் உள்ளே பருப்பு தீய்ந்துவிடும். தீய்ந்தால் அன்றைய கூலி ஏச்சுத்தான்.

இப்போதும் அச்சின் வாயிலிருந்து வந்த புகை கறுப்பிலிருந்து மஞ்சளானது. மஞ்சளிலிருந்து நூலாக மெலிந்தது. அவள் எழுந்தாள். அவள் எழுந்தாள் என்பதைவிட அவள் கை எழுந்தது என்று சொல்ல வேண்டும். இடுக்கியை எடுத்து அச்சைப் பிடித்து இழுத்து வெளியே வைத்தாள்.

"ஆச்சா?" என்று உலைப் பக்கத்திலிருந்து கேட்டான் ராஜதுரை.

"ஆச்சுங்க!"

அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. மேளம் கேட்ட பிள்ளையின் குரல்.

உலையில் மூசை சிவந்து தகதகத்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் சொன்னது பொய்யில்லை. குழாயும் பூட்டும் கீலும் எங்கே போயின? மேலே கண்ணாடி உருகித் தோல் மாதிரி மிதக்க, அதற்கடியில் குடத்துச் சூரியன் ததும்பியது. ஓரத்தில் வெள்ளைப் புகை சுருண்டது.

"மூஞ்சியத் திருப்பு. அந்தப் பொகைய இழுத்தா ராத்திரிக்குக் குளிர் ஜொரம் கண்டுரும்."

பல்லக்கைத் தூக்கினார்கள். கனம் தோளுக்கு ஏறியது. இரண்டடி நடந்ததுமே கம்பி வழியாக அவளுக்கு ஒன்று வந்து சேர்ந்தது. அவன் கை நடுங்குகிறது. முகத்தில் ஒன்றுமில்லை, கம்பியில் இருந்தது. அவன் சாய்த்தான். மஞ்சள் நூல் அச்சின் வாயில் இறங்கியது. ஒரு மடக்கு. இரண்டு மடக்கு. பிறகு அச்சுக்குள் குடல் புரளுகிற மாதிரி ஒரு சத்தம்.

"வுடாத!" என்று கத்தினான். "பின்னால வா! பின்னால!"

அச்சு துப்பியது. மத்தாப்பு மாதிரி பித்தளைத் துளிகள் எழும்பி மணலில் விழுந்து ஓடின. ஆண்டாயி, "அடி ஆத்தே" என்று முருங்கை மரத்துக்குப் பின்னால் பாய்ந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராஜதுரையின் கைலியில் மட்டும் ஒரு துளி பட்டுப் பொத்தல் போட்டுவிட்டுக் கீழே உருண்டது. இரண்டு பேரும் மூசையை மணலில் இறக்கி வைத்தார்கள். அவன் மிச்சத்தைச் சிந்தாமல் மணற்குழியில் சரித்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைகூட மாட்டாமல் தோப்புப் பக்கம் நடந்தான்.

"போச்சு," என்றாள் ஆண்டாயி, மரத்துக்குப் பின்னாலிருந்தே. "மனுசன் பயந்துட்டாரு."

சூடு ஆறினதும் பிரவீணா அச்சை உடைத்தாள். முக்கால் கிளை வந்திருந்தது. கொட்டை இருக்க வேண்டிய இடம் மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக இருந்தது. உடைந்த அச்சில் கொட்டையின் பொந்துக்குள் விரலை விட்டுத் தடவி மோந்து பார்த்தாள். கருகின முந்திரிப் பால். பிசுபிசுப்பே போகவில்லை.

கை நின்றுபோயிற்று.

பருப்பு தீயக் கூடாது என்றுதான் அவள் கை அச்சை இழுத்திருக்கிறது. இங்கே பருப்பு தீய்ந்து, சாம்பலாகி, சாம்பலும் ஊதினால் பறக்கிற அளவுக்கு ஆகியிருக்க வேண்டும். முந்திரிக் காட்டுக்காரி செய்கிற தப்பு. வேறு ஊர்க்காரி செய்திருக்கவே மாட்டாள்.

ராஜதுரை என்ன நினைத்துக்கொண்டு போனான் என்று அவளுக்குத் தெரியும். தன் கைதான் கெடுத்தது என்று. அப்படியே நினைக்கட்டுமே? அப்படி நினைத்தால் இனி பல்லக்கின் ஊற்றுகிற பக்கத்தை அவன் தொட மாட்டான். அப்போது அந்தப் பக்கம் யாருடையது? இந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே உடம்பு கூசியது. இத்தனை ஆசையா எனக்கு? ஒரு மனுஷனின் பயத்தை மிதித்து ஏறுகிற அளவுக்கா?

முறத்தை எடுத்து வந்தாள். துளிகள் விழுந்த மணலை அள்ளிப் புடைக்க ஆரம்பித்தாள். ஆண்டாயியும் இன்னொரு முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். மணல் பறக்க, பித்தளை மணிகள் உளுந்து மாதிரி முறத்தில் தங்கின.

"இப்படி ஒரு தானியத்த நான் பொடச்சதே இல்லடி," என்றாள் ஆண்டாயி. "கொதிக்க வச்சா வேவுமா?"

பிரவீணா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எழுந்து தோப்புக்குப் போனாள்.

அவன் வரப்பில் உட்கார்ந்து கைலிப் பொத்தலில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அச்சு வேகலங்க," என்றாள் நின்றபடியே. "வறுக்கிற நெனப்புல எடுத்துட்டேன். உள்ள பாலு நின்னுருக்கு. அதான் துப்பிடுச்சு."

அவன் நிமிர்ந்தான். "எனக்காகச் சொல்றியா?"

"மோந்து பாருங்க." விரலை நீட்டினாள்.

மோந்தான். நெடுநேரம் விரலை விடவில்லை.

"அப்ப என் கை?"

"ஒங்க கை நடுங்குச்சு. கம்பியில தெரிஞ்சிது. அத இல்லங்கல. ஆனா கெட்டது அதுனால இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிளையில் அணில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கும் அச்சுதான்," என்றான். "எல்லாரும் சொன்னாங்க. கலையரசனே ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுச் சொன்னான், ஒன் மேல என்னடா தப்புன்னு. எனக்குத்தான் ஏறல. சாச்சது என் கைதான?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனை வருஷமாக ஒரே பாயில் படுக்கிறார்கள். அவன் கையைப் பற்றி அவன் பேசிக் கேட்டதில்லை. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தேடினாள். அவளுக்குள் இருந்ததெல்லாம் வேறு.

"இந்தத் தடவ நான் ஊத்துறேன்," என்றாள். "பரிதாபத்துக்குச் சொல்லல. ஒங்க கை நடுங்குதுன்னும் சொல்லல. எனக்கு ஊத்தணும். ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

அவன் அவளை ஒரு புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"துப்புனதப் பாத்த பெறகுமா?"

"பாத்த பெறகு இன்னும் ஆசையா இருக்கு."

"பைத்தியம்," என்றான். "சொல்றபடி கேப்பியா?"

"கேப்பேன்."

"கேக்க மாட்ட."

"ஊத்துற நேரத்துல மட்டும் கேப்பேன்."

வேறொரு கிளையை வெட்டிப் பூசிக் காய வைத்த இரண்டாவது அச்சை நெருப்பில் வைத்த அன்று குல்சும் அக்காவும் வந்துவிட்டாள். கையில் தூக்குவாளி நிறையத் தேங்காய்ப் பால் கஞ்சி. "ஆவுறத நேர்லயே பாக்கணும். மனசு நிக்கல புள்ள," என்றாள். முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். ஆண்டாயி, "அக்கா, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க. போன தடவ அந்த எடம் எனக்குப் பதுங்கு குழி," என்றாள்.

புகை கறுத்தது. மஞ்சளானது. நூலானது. பிரவீணாவின் தோளிலிருந்து விரல் வரைக்கும் எழு, எழு என்று துடித்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"எடுக்கலியாடி?" என்றாள் ஆண்டாயி. "எனக்கே கை வருது."

"தீயட்டும்."

"ஐயோ, பருப்பு!"

"தீயட்டும்க்கா. நல்லா தீயட்டும்."

புகை நின்றுபோன பிறகும் காத்தாள். தொலி போட்டாள். அச்சு செங்கல் நிறத்துக்கு வந்து, உள்ளிருந்து வெளிச்சம் தெரிகிற மாதிரி சிவந்தது. ராஜதுரை நாற்காலிக்குப் பின்னால் நடப்பதும் திரும்புவதுமாக இருந்தான். உச்சி திரும்பிய நேரத்தில் அச்சை எடுத்து, பப்பாளித் தண்டு வழியாக ஊதினாள். மறு துளை வழியாக வெள்ளைச் சாம்பல் பறந்தது. கருப்பு ஒரு துளிகூட இல்லை. மூக்கை நீட்டி மோந்தாள். சுட்ட மண் வாசனை மட்டும்தான்.

அச்சின் சூடு ஆறுவதற்குள் மணலில் நட்டார்கள். பல்லக்கு மூசையைக் கவ்வியது. ராஜதுரை வழக்கம்போல் சாய்க்கிற பக்கம் போய்விட்டான். நின்றான். சுற்றி வந்து தாங்குகிற பக்கம் பிடித்தான்.

"காலு அகல வை. மூச்சப் புடிக்காத. சன்னமா ஆரம்பிச்சு, எறங்குனதும் நிறுத்தாம வுடு. பயந்து நிறுத்துனாத்தான் கெடும்."

"ம்."

"தூக்கு."

கனம் அதே கனம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் கனத்துக்கு ஒரு தலை இருந்தது. அது அவள் மணிக்கட்டு சொல்கிறபடி திரும்பியது. கம்பியில் அவன் நடுக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்கு அது இப்போது தொந்தரவாக இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் மூச்சு மாதிரி, ஆள் இருக்கிறார் என்கிற தைரியமாக இருந்தது. சாய்த்தாள்.

மஞ்சள் நூல் அச்சின் வாயைத் தொட்டது. முகம் காய்ந்தது, புருவம் பொசுங்குகிற நாற்றம் வந்தது. நிறுத்து, நிறுத்து என்று வயிற்றுக்குள் ஒருத்தி கத்தினாள். நிறுத்தவில்லை. அச்சு சத்தமே போடாமல் குடித்தது. தாகத்தில் வந்த மாடு தொட்டியில் வாய் வைத்த மாதிரி குடித்துக்கொண்டே இருந்தது. ஈர்க்குத் துளைகளில் ஒன்றில் மஞ்சள் முத்து எட்டிப் பார்த்தது. இன்னொன்றில். இன்னொன்றில்.

"போதும்!" என்றான் ராஜதுரை. "போதும் பிரவீணா. குடிச்சிருச்சு."

மூசையை இறக்கி, மிச்சத்தை மணற்குழியில் சரித்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆண்டாயி, "புடிச்சிருச்சு. கொழுந்தனாரே, வேப்பிலை ஒடிங்க," என்றாள். குல்சும் எழுந்து நின்று இரண்டு கையையும் ஏந்தி முணுமுணுத்து முகத்தில் தடவிக்கொண்டாள்.

ஆறுகிற வரைக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. கஞ்சியைக் குடித்தார்கள். யாரும் ருசி பார்க்கவில்லை. ராஜதுரை சுத்தியலால் தட்ட, மண் ஓடு ஓடாகக் கழன்றது. கிளை வந்தது. பட்டையின் சொரசொரப்போடு, கணுவோடு வந்தது. இரண்டு கொட்டையும் வந்தன. இலை வந்தது, நரம்பு நரம்பாக. நுனியில் மட்டும் அரைவிரல் அளவு பித்தளை எட்டவில்லை. பூச்சி கடித்துப் போட்ட இலை மாதிரி இருந்தது.

"நுனிய அராவி சரி பண்ணிரலாம்," என்றான் ராஜதுரை.

"வேண்டாம் தம்பி," என்றாள் குல்சும். "எந்த மரத்துல முழு இலை இருக்கு? மாஷா அல்லாஹ், என்ன கைவேல தம்பி ஒங்களுக்கு!"

ராஜதுரை சுத்தியலைக் கீழே வைத்தான்.

"ஊத்துனது அவ," என்றான். "நான் தாங்குனேன்."

அதை அவன் சத்தமாகச் சொன்னான். வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவருக்குக்கூடக் கேட்டிருக்கும். பிரவீணா நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும். கிளையை வாளித் தண்ணீரில் முக்கித் துணியால் துடைத்துக் குல்சும் கையில் கொடுத்தாள்.

இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. குல்சும் அதைக் கதவில் பொருத்துகிற வாக்கில் நிமிர்த்திப் பிடித்தாள். கொல்லையில் கதவு ஏது? முருங்கை மரமும் உலையும் கோழியும்தான். ஆனாலும் அவள் பிடித்து, கனமான கதவைத் தன் பக்கம் இழுக்கிற மாதிரி மெதுவாக இழுத்தாள். தாஜுதீன் வாசலில் பெட்டியோடு நிற்கிறாரோ என்னவோ, முகம் அப்படி மலர்ந்தது. பிரவீணா தன்னை அறியாமல் ஒதுங்கி வழி விட்டாள். ராஜதுரையும் ஒதுங்கினான். "செருப்பக் கழட்டிட்டு வரவா?" என்றாள் ஆண்டாயி.

சிரிப்பு ஓய்ந்ததும் குல்சும் மணலைக் காட்டினாள். குழியில் சரித்த மிச்சப் பித்தளை கட்டியாகக் கிடந்தது. "அது ஒனக்குத்தான் புள்ள. ஒன் வூட்டுக்கு என்ன வேணுமோ ஊத்திக்க."

தன் வீட்டுக்கு. பிரவீணா திரும்பி வீட்டைப் பார்த்தாள். தகரக் கதவு, கயிறு கட்டின ஜன்னல். என்ன ஊற்றுவது என்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லாமே தோன்றியது. உலைக்குள் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, கங்கு இன்னும் அடங்கல," என்றாள்.

ராஜதுரை கையுறையை மாட்டிக்கொண்டு போய்ப் பல்லக்கின் தாங்குகிற பக்கத்தில் நின்றான்.